அழுத்தத்தைக் கூட்டாதே, வால்வைத் திருத்து!

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில், இயந்திரவியல் துறைக் கருத்தரங்கக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலரும் நினைவுகளைப் பேச என்னைவிட வல்லவர்கள் மேடையில் இருக்கிறார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றி அவர்கள் பேசட்டும். நான் பேசப் போவது ஒரு வால்வைப் பற்றி. கடையில் வாங்கிய வால்வு அல்ல, இந்தக் கல்லூரிப் பட்டறையில் மாணவர்கள் தங்கள் கையால் கடைந்து செய்த பிஸ்டன் வால்வு. "வால்வைப் பற்றி அரைமணி நேரம் பேச என்னய்யா இருக்கு?" என்று என் நண்பர் மதியமே கேட்டுவிட்டார். இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

விஷயம் இதுதான். நம் கல்லூரியில் வானொலி ஆர்வலர் குழு ஒன்று இருக்கிறது. ஏழு மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அவர்களுக்குச் சுமார் 20 மீட்டர் நீளத்தில் ஏரியல் கம்பி கட்ட வேண்டும். நூலகத்துக்குப் பின்னால் நிற்கும் மரங்களின் உச்சிக் கிளைமேல் முதலில் ஒரு மெல்லிய நூலைப் போட்டுவிட்டால், அதில் கயிற்றைக் கட்டி இழுக்கலாம். கயிற்றில் கம்பியைக் கட்டி ஏற்றலாம். நூலை எப்படி மேலே போடுவது? கல்லில் கட்டி எறிந்து பார்த்தார்கள், பாதி மரம் வரைதான் போனது. மரம் ஏற ஆள் கூப்பிட்டார்கள், உச்சிக்கொம்பு தாங்காது என்று அவர் இறங்கிவிட்டார். ஆகவே அழுத்தக் காற்றால் ஒரு டென்னிஸ் பந்தை மேலே எறியும் கருவி செய்வது என்று முடிவு செய்து, ஒரு வரைபடத்தோடு என்னிடம் வந்தார்கள். சிமெண்ட் ஆலைகளில் பராமரிப்பு வேலை பார்த்தவன் என்பதால் என்னைப் பிடித்தார்கள் போலும்.

வரைபடத்தில் என்ன இருந்தது தெரியுமா? ஐந்து லிட்டர் கொள்ளும் பிவிசி தண்ணீர்க் குழாய், அதில் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ காற்று, நடுவில் கையால் திருப்பும் பால் வால்வு ஒன்று, அதற்கு மேல் பந்து போடும் குழல். "குழாய் மேலேயே ஆறு கிலோன்னு அச்சடிச்சிருக்கு சார், தாங்கும்" என்றார் ஒரு தம்பி.

அச்சடித்திருப்பது உண்மைதான். ஆனால் அது தண்ணீருக்கு. நம் நாட்டில் பிவிசி தண்ணீர்க் குழாய்களுக்கான இந்தியத் தர எண் 4985 குடிநீர் வழங்கலுக்காக எழுதப்பட்டது. அழுத்தக் காற்றுக்குத் தங்கள் குழாயைப் பயன்படுத்தாதீர்கள் என்று பிவிசி குழாய் செய்கிறவர்களே எச்சரிக்கிறார்கள்.

தண்ணீருக்கும் காற்றுக்கும் என்ன வித்தியாசம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து லிட்டர் தண்ணீரை 6 கிலோ அழுத்தத்தில் வைத்தால் அந்தத் தண்ணீருக்குள் தேங்கும் சக்தி அரை ஜூல்கூடக் கிடையாது. தண்ணீர் அமுங்காது, அதனால் சேமிக்காது. குழாய் பிளந்தால் ஒரு பீச்சு, அவ்வளவுதான். அதே ஐந்து லிட்டர் காற்றில், அதே 6 கிலோவில், சுமார் 3,700 ஜூல் தேங்குகிறது. அறுபது கிலோ ஆளை ஆறு மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான சக்தி அது. பிவிசி உடைந்தால் இரும்பைப் போல வளைந்து கிழியாது. கண்ணாடியைப் போலச் சில்லுச் சில்லாகப் பறக்கும்.

ஓர் ஆலையில், பெயர் வேண்டாம், தற்காலிகம் என்று சொல்லிக் காற்று லைனுக்குப் பிவிசி குழாய் போட்டிருந்தார்கள். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அது வெடித்தது. ஆள் யாரும் பக்கத்தில் இல்லை. ஆனால் பத்தடி தள்ளி மாட்டியிருந்த ஹெல்மெட்டில் ஒரு சில்லு குத்தி நின்றதை என் கண்ணால் பார்த்தேன். சாப்பாட்டு மணி ஐந்து நிமிடம் தாமதமாக அடித்திருந்தால் அந்த ஹெல்மெட் ஒருவர் தலையில் இருந்திருக்கும்.

பந்துக்கு எவ்வளவு வேண்டும்?

மாணவர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பந்துக்கு எவ்வளவு சக்தி வேணும்?" யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை. டென்னிஸ் பந்தின் எடை சுமார் 58 கிராம். அது 20 மீட்டர் உயரம் போக வேண்டும். எடையை உயரத்தால் பெருக்கி, ஈர்ப்பு முடுக்கத்தாலும் பெருக்கினால் 12 ஜூலுக்கும் சற்றுக் குறைவு. காற்றின் தடை, நூலின் இழுவை எல்லாவற்றையும் சேர்த்து மூன்று மடங்காக வைத்தாலும் 36 ஜூல். வெறும் 36 ஜூலுக்காக 3,700 ஜூலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தார்கள்!

ஏன் அவ்வளவு அழுத்தம் கேட்டது? பழி முழுவதும் அந்தப் பால் வால்வின்மேல். பந்து குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பால் வால்வைக் கையால் கால் சுற்றுத் திருப்ப அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரமாகும். வால்வு இலேசாகத் திறந்ததுமே பந்து நகரத் தொடங்கிவிடும். முழுதாகத் திறக்கும்போது பந்து வெளியே போய்விட்டிருக்கும். மிச்சக் காற்று வீணாகச் சீறும். பந்து உயரம் போகவில்லை என்றதும் நாம் என்ன செய்கிறோம்? அழுத்தத்தைக் கூட்டுகிறோம். அதுவும் போதவில்லை, இன்னும் கூட்டுகிறோம். ஆபத்து வளர்கிறதே தவிர, கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அதனால்தான் சொன்னேன்: "தம்பி, அழுத்தத்தைக் கூட்டாதே. வால்வைத் திருத்து."

பிஸ்டன் வால்வு வேலை செய்யும் விதம்

ஒரு காற்றுத் தொட்டி. அதன் முன்பக்க மூடி வழியாக ஒரு குழாய் உள்ளே நுழைகிறது. உள்ளே இருக்கும் அதன் வாய்தான் வால்வின் இருக்கை. பின்பக்க மூடியில் ஒரு சிறிய சிலிண்டர், அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனின் முகம் அந்தக் குழாய் வாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பிஸ்டனுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதைப் பைலட் அறை என்போம். பிஸ்டனில் ஒரு மில்லிமீட்டர் துளை ஒன்று, பின்னறைக்கும் தொட்டிக்கும் இடையே.

காற்றைப் பின்னறை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். அப்போது பின்னறையில் அழுத்தம் எப்போதும் ஒரு படி கூடுதலாக இருக்கும், பிஸ்டன் இருக்கையில் அழுந்தி உட்காரும். துளை வழியாகக் காற்று மெல்லத் தொட்டிக்குள் போய் நிரம்பும். நிரம்பியதும் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். ஆனால் பின்பக்கம் பிஸ்டனின் முழுப் பரப்பிலும் காற்று தள்ளுகிறது. முன்பக்கமோ குழாய் வாய் அடைபட்ட பகுதி போக மிச்சமிருக்கும் வளையத்தில் மட்டும் தள்ளுகிறது. அந்த வித்தியாசம்தான் கதவைச் சாத்தி வைத்திருக்கும் விசை.

இப்போது பின்னறைக் காற்றைச் சட்டென்று வெளியே விடுங்கள். பின்பக்கத் தள்ளல் குறைகிறது. ஒரு கட்டத்தில் முன் வளையத்தின் தள்ளல் வெல்கிறது, பிஸ்டன் ஒரு மயிரிழை விலகுகிறது. விலகிய அந்தக் கணமே தொட்டிக் காற்று பிஸ்டனின் முகம் முழுவதும் பாய்ந்து தள்ளுகிறது. அப்புறம் அதை யாரும் பிடித்து நிறுத்த முடியாது. கதவைத் திறக்கும் வேலையைக் காற்றே செய்துகொள்கிறது, அதுவும் சில மில்லி நொடிகளில். எந்தக் கையாலும் அந்த வேகத்தில் திறக்க முடியாது.

இது புதிய சங்கதி அல்ல. சிமெண்ட் ஆலையில் ப்ரீஹீட்டர் சைக்ளோனில் மாவு ஒட்டிக்கொண்டு அடைத்தால் அதை உதிர்க்க ஏர் பிளாஸ்டர் வைத்திருப்பார்கள். அதற்குள் இருப்பது இந்த வகை வால்வுதான். தூசி வடிகட்டியில் விட்டுவிட்டு "டப்... டப்" என்று கேட்குமே, அதில் பிஸ்டனுக்குப் பதில் ரப்பர் டயாபிரம், தத்துவம் இதேதான். உங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் தண்ணீர் வரும் வால்வையும் பிரித்துப் பாருங்கள். ஒரு டயாபிரம், அதில் ஒரு சின்னத் துளை, பின்னால் ஒரு சிற்றறை இருக்கும்.

ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1872-ல் அதைத் திருத்தித் தானியங்கி பிரேக் ஆக்கினார். முதல் வகையில் காற்றைக் கொடுத்தால் பிரேக் பிடிக்கும். இரண்டாவது வகையில் குழாயில் காற்று குறைந்தால் பிரேக் பிடிக்கும். இன்றும் நம் ரயில்களில் பிரேக் குழாயில் 5 கிலோ அழுத்தம் நிற்கிறது. நீங்கள் அபாயச் சங்கிலியை இழுத்தால் அந்தக் காற்று கசிகிறது, வண்டி நிற்கிறது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, இதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ரயிலில் குழாய் அறுந்து காற்று போனால் வண்டி நிற்கும். அது பாதுகாப்பான பக்கம். நம் கருவியில் பின்னறைக் குழாய் கழன்று காற்று போனால் அது சுடும்! ஆகவே பம்பின் முதல் அடி விழுந்த நேரத்திலிருந்து, தொட்டி முழுதும் காலியாகும் வரை, குழலுக்கு முன்னால் ஒரு உயிரும் நிற்கக்கூடாது. முகத்தைக் குழலுக்கு மேலே நீட்டி உள்ளே எட்டிப் பார்க்கவே கூடாது.

அளவுகள்

தொட்டிக்கு மூன்று அங்குலச் சீம்லெஸ் இரும்புக் குழாய், 40 சென்டிமீட்டர் நீளம். கொள்ளளவு ஏறக்குறைய 2 லிட்டர். மூடிகளை வெல்டிங் செய்தது அனுபவமுள்ள வெல்டர். ஆர்வத்துக்கு மாணவர்கள் கை வைக்கும் இடம் அது அல்ல.

பிஸ்டன் விட்டம் 50 மில்லிமீட்டர், இருக்கையின் விட்டம் 32. பரப்புகளை ஒப்பிட்டால் இருக்கை, பிஸ்டனில் 41 சதவீதம். ஆகவே பின்னறை அழுத்தம் தொட்டி அழுத்தத்தில் 59 சதவீதத்துக்கு இறங்கியதும் வால்வு திறந்துவிடும். இருக்கையை 45 மில்லிமீட்டர் ஆக்கியிருந்தால் அது 81 சதவீதம். பின்னறை 19 சதவீதத்துக்கு வடியும் வரை காத்திருக்க வேண்டும். வால்வு தயங்கும். இருக்கையைப் பெரிதாக்கினால் காற்று நிறையப் போகும் என்று பேராசைப்பட்டால் வேகத்தை இழப்போம்.

பிஸ்டன் எவ்வளவு விலக வேண்டும்? இருக்கை விட்டத்தில் கால் பங்கு, அதாவது 8 மில்லிமீட்டர். அவ்வளவு விலகினால் பக்கவாட்டில் திறக்கும் பரப்பு, குழாய் வாயின் பரப்புக்குச் சமமாகிவிடும். நாங்கள் 12 வைத்தோம். பின்னறையின் கொள்ளளவு சுமார் 30 மில்லிலிட்டர், ஒரு சின்ன மருந்துக் குப்பி அளவு. அந்த 30 மில்லியில் ஒரு பங்கை விட்டால் 2,000 மில்லி காற்று நம் சொல்படி நடக்கிறது.

பிஸ்டனை நைலான் உருளையில் கடைந்தார்கள். இரும்பில் செய்தால் கனம். கிளம்பவும் நேரமாகும், பின்னால் போய் மோதும்போது மூடியையும் இடிக்கும். முகத்தில் ரப்பர் தகடு, பின்னால் மோதலைத் தாங்க இன்னொரு ரப்பர். இருக்கையின் விளிம்பை லேத்தில் மழித்து வழவழப்பாக்கினார்கள். காற்றைத் திறந்துவிட, டயர் கடையில் தூசி ஊதுவார்களே, அந்த ஏர் கன்னின் விசை. காற்று ஏற்ற சைக்கிள் பம்பு. இவ்வளவுதான் சாமான்.

இரண்டு தொல்லைகள்

முதல் சோதனையில் பிஸ்டன் நகரவே இல்லை. ஓ-ரிங் மிக இறுக்கம். "புது ஓ-ரிங் சார், ஓட ஓடச் சரியாகும்" என்றார் ஒருவர். ஆகாது. பிஸ்டனைச் சிலிண்டரில் போட்டுச் சாய்த்தால், விரல் நுனித் தள்ளலுக்கு அது வழுக்கிப் போக வேண்டும். பள்ளத்தை இன்னும் ஆழமாக வெட்டி, துளி சிலிகான் கிரீஸ் தடவியதும் வழிக்கு வந்தது.

இரண்டாவது சோதனையில் "உஸ்ஸ்..." என்று கசிந்ததே தவிர, திறக்கவில்லை. ஓ-ரிங்கைத் தளர்த்திய கையோடு, காற்று சீக்கிரம் நிரம்பட்டும் என்று யாரோ பிஸ்டன் துளையை 3 மில்லிமீட்டராகப் பெரிதாக்கியிருந்தார்கள். பின்னறைக் காற்று வெளியேறும் வழி 6 மில்லிமீட்டர். பரப்பில் நான்கு மடங்குதான் வித்தியாசம். நாம் முன்னால் காலி செய்யச் செய்ய, தொட்டி பின்னால் நிரப்பிக்கொண்டே இருந்தது. புதிய பிஸ்டனில் மறுபடி 1 மில்லிமீட்டர் துளை போட்டதும் வித்தியாசம் 36 மடங்கு. "டப்" என்று ஒரே அடி. ஒரு மாணவி சொன்னார்: "சார், ரொம்பப் பொறுமையா நிரப்பினாத்தான் ரொம்ப வேகமா திறக்குது." அவர் சொன்னதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

சோதனையும் ஒழுங்கும்

காற்று ஏற்றுவதற்கு முன்னால் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் வெளியேற்றி, கைப்பம்பால் 6 கிலோ ஏற்றி அரைமணி நேரம் வைத்தோம். ஏன் தண்ணீர் என்பது முதலில் போட்ட கணக்கிலேயே இருக்கிறது: உடைந்தாலும் வெடிக்காது. சேஃப்டி வால்வை 3 கிலோவில் பூட்டினோம். வேலை அழுத்தத்தின் எல்லை 2 கிலோ.

தொட்டிப் பக்கம் தனியாக ஒரு வடிகால் திருகு வைக்கச் சொன்னேன். சுடாமலே காற்றை இறக்க வேண்டுமென்றால் அதைத் திறக்க வேண்டும். தொட்டி மெல்ல வடியும்போது பின்னறை அழுத்தம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். பிஸ்டன் சாத்தியபடியே இருக்கும். எதிரே திடீரென்று யாராவது வந்துவிட்டால், சுடாமல் இறக்க ஒரு வழி வேண்டுமல்லவா?

இன்னும் ஒன்று. மரத்தின் அந்தப் பக்கம் மின்கம்பி போகிறதா என்று முதலில் சுற்றிப் பாருங்கள். நனைந்த நூலும் ஏரியல் கம்பியும் மின்கம்பியில் விழுந்தால், இங்கே நான் பேசிய எந்த ஜூல் கணக்கும் உதவாது.

முதல்வரிடம் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நூலகத்துக்குப் பின்னால் கூடினோம். கண்ணாடி, ஹெல்மெட், கயிறு கட்டிய எல்லைக்கோடு எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒரு கிலோவில் ஆரம்பித்தார்கள். பந்து நடுக்கிளையைத் தாண்டியது. ஒன்றரை கிலோவில் உச்சிக்கு மேலே போய், நூலை அந்தப் பக்கம் இறக்கியது. ஒன்றரை கிலோவில் அந்தத் தொட்டிக்குள் இருந்த சக்தி சுமார் 290 ஜூல். முதலில் வரைந்து வந்த திட்டத்தில் 3,700. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சக்தியில் அதே வேலை நடந்தது. மத்தியானத்துக்குள் கம்பி ஏறிவிட்டது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் ஆலைக்கோ அலுவலகத்துக்கோ போவீர்கள். அங்கே எந்த இயந்திரம் சரியாக ஓடாவிட்டாலும் முதலில் வரும் யோசனை, "இன்னும் கொஞ்சம் அழுத்தம் கூட்டு, கரண்ட் கூட்டு, வேகம் கூட்டு" என்பதாகத்தான் இருக்கும். கூட்டுவது சுலபம், ஒரு திருகைத் திருப்பினால் போதும். அப்போது ஒரு நிமிடம் நின்று கேளுங்கள்: இந்த வேலைக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? மிச்சம் எங்கே வீணாகிறது? அந்தக் கேள்விக்குப் பதில் தேட ஒரு தாள், ஒரு பென்சில், பட்டறையில் ஒரு வாரம் போதும். அதைக் கேட்காமல் விட்டதற்குச் சிலர் கண்ணையும் விரலையும் விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

என் வயது நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நன்கொடைச் சீட்டில் தொகை எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை இந்தப் பட்டறைக்கு வாருங்கள். நீங்கள் முப்பது வருஷம் வேலை பார்த்துக் கற்ற ஏதாவது ஒரு சாமானைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யுங்கள். அந்தப் பிஸ்டன் இங்கே மேஜைமேல் இருக்கிறது. 3 மில்லிமீட்டர் துளை போட்ட பழைய பிஸ்டனும் பக்கத்திலேயே இருக்கிறது. தேநீர் இடைவேளையில் இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள்.